இருபடி அசமன்பாட்டுக்கு வரைபடமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இருபடிச் சமன்பாடு, சார்பு, அசமன்பாடு மூன்றையும் ஒட்டுறவில்லாத பாடங்களாக நடத்துவதால்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். எக்ஸ்² < 9 என்று கொடுத்தால் பலர் ‘எக்ஸ் < ±3’ என எழுதிவிடுகிறார்கள். சமன்பாட்டில் பழகிய கை அது. −3-க்கும் 3-க்கும் இடைப்பட்ட எண்கள் எல்லாமே விடை.

எக்ஸ்² − 5எக்ஸ் + 6 > 0 என்பதை எடுத்துக்கொள்வோம். காரணிப்படுத்தினால் மூலங்கள் (கோவையைப் பூஜ்ஜியமாக்கும் எண்கள்) 2, 3. எண்கோட்டில் குறித்தால் கோடு மூன்று துண்டாகும். துண்டுக்கு ஒன்றாக 0, 2.5, 4 ஆகியவற்றைப் பிரதியிட்டால் 6, −0.25, 2 வரும். ஆகவே விடை 2-க்குக் குறைவான எண்களும் 3-க்கு மேற்பட்ட எண்களும். இதோடு நிறுத்தாமல் பரவளையத்தையும், அதாவது இந்தக் கோவையின் வளைவான வரைபடத்தையும், வரையச் சொல்ல வேண்டும். 2-க்கும் 3-க்கும் நடுவே வளைவு அச்சுக்குக் கீழே இறங்குவதை மாணவர் கண்ணாலேயே பார்க்கட்டும். எக்ஸ்² + எக்ஸ் + 1 > 0 போன்ற கணக்கில் தன்மைகாட்டி (மெய் மூலம் உண்டா எனக் காட்டும் b² − 4ac) −3. மெய் மூலமே இல்லை என்று மாணவர் திகைக்கும் இடத்தில் படம்தான் கைகொடுக்கும்: வளைவு முழுக்க அச்சுக்கு மேலே, எல்லா மெய்யெண்களும் விடை.

எக்ஸ்² = 5எக்ஸ் என்பதை எக்ஸால் வகுத்து, பூஜ்ஜியம் என்ற மூலத்தைத் தொலைப்பதும் அடிக்கடி நடக்கிறது. (எக்ஸ் − 2)(எக்ஸ் − 3) = 2 என்றால் ஒவ்வொரு காரணியையும் 2-க்குச் சமன்படுத்துகிறார்கள். பெருக்கற்பலன் பூஜ்ஜியமானால் மட்டுமே காரணிகளைப் பிரிக்கலாம். இங்கே விரித்து எழுதினால் எக்ஸ்² − 5எக்ஸ் + 4 = 0; மூலங்கள் 1, 4.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள்