பதாகையில் 16 கோடி, பாட்டிலில் 15,900

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எஸ்.எம்.ஏ. என்னும் முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவு நோயுள்ள குழந்தைக்கு உதவி கேட்டு நம் செட்டிநாட்டுப் பக்கம் யாராவது பதாகை வைத்தால், கீழே பெரிய எழுத்தில் 16 கோடி ரூபாய் என்று போடுவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தொகை 2021-இல் வந்தது. அமெரிக்காவில் 2019 மே மாதம் அனுமதி பெற்ற சோல்ஜென்ஸ்மா என்ற மரபணு மருந்தின் விலை அது. ஒரே தடவை நரம்பில் ஏற்றுவது, 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது. அந்த ஆண்டு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஊரே திரண்டு சில குழந்தைகளுக்கு அந்தத் தொகையைச் சேர்த்துக் கொடுத்தது. கொடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அதே தொகையை இன்றும் எழுதுவது குழந்தைக்கே கெடுதலாக முடிகிறது. அதைப் படிப்பவர், நம் நூறு ரூபாய் எந்த மூலைக்கு என்று நகர்ந்துவிடுகிறார்.

நிலைமை மாறிவிட்டது. இதே நோய்க்கான ரிஸ்டிப்ளாம் என்ற வாய்வழி மருந்து இந்தியாவுக்கு 2021-இல் வந்தபோது பாட்டில் ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய். இதே மருந்தை நாட்கோ நிறுவனம் விற்கக் கூடாது என்று, காப்புரிமையைக் காட்டி மூல மருந்தின் ரோஷ் நிறுவனம் கேட்ட தடையை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. அதே மாதம் நாட்கோ நிறுவனத்தின் பாட்டில் 15,900 ரூபாய் விலையில் சந்தைக்கு வந்தது. அதற்குச் சில வாரம் முன்பு, செப்டம்பர் 22 முதல் இந்த மருந்துக்கு ஜிஎஸ்டியும் நீக்கப்பட்டது. எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து என்பதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நிதி திரட்டுபவர்கள் கணக்குப் போட வேண்டியது இனிமேல் இந்த விலையில்.

கணக்கு இப்படி. ஒரு பாட்டிலில் 60 மில்லிகிராம். 2 மாதம் முதல் 2 வயது வரை நாளுக்கு, எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அதற்கு மேல் 20 கிலோ எடை வரை கிலோவுக்கு 0.25, இருபது கிலோவைத் தொட்டுவிட்டால் எவ்வளவு எடையானாலும் நாளுக்கு 5 மில்லிகிராம். மூன்று வயது, 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளுக்கு 2.5 மில்லிகிராம், ஆக ஒரு பாட்டில் 24 நாள். ஆண்டுக்கு 15, 16 பாட்டில், சுமார் இரண்டரை லட்சம் ரூபாய். அதாவது மாதம் 20,000. பிள்ளை வளர்ந்து 20 கிலோ ஆனதும் பாட்டில் 12 நாள்தான் வரும், செலவு இரட்டித்து மாதம் 40,000 ஆகும். அதற்கு மேல் ஏறாது. கைக்குழந்தைக்கு மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. மருந்து பொடியாக வரும், நீரில் கலந்த மருந்து 64 நாளுக்குப் பிறகு ஆகாது. நாலு கிலோ குழந்தைக்குக் கணக்கின்படி 75 நாள் வர வேண்டிய பாட்டிலை 64-ஆம் நாள் கொட்டித்தான் ஆக வேண்டும். மிச்சம் பிடிக்கிறோம் என்று தொடர்ந்து கொடுக்கக் கூடாது.

இது ஒரு தடவை பணம் கட்டி முடிகிற காரியம் இல்லை, ஆண்டுக்கணக்கில் தினமும் கொடுக்க வேண்டிய மருந்து. நிதி திரட்டல் சறுக்குவதும் இங்கேதான். முதல் மாதம் வாட்ஸ்அப்பில் படம் சுற்றி ஐந்து லட்சம் வரும். நாலாம் மாதம் கேட்கப் போனால் ஏற்கெனவே கொடுத்தோமே என்பார்கள். ஆனால் மாதாமாதம் சிறு தொகை கொடுத்துக் கணக்குப் பார்ப்பது நம் மண்ணுக்குப் புதிதா என்ன? கோயில் காரியத்துக்குப் புள்ளி வரி, அதாவது தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போட்டு வசூலித்த ஊர்கள் இவை. வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை எடுத்து வைத்துத் தர்மம் செய்ததை நகரத்தார் மட்டுமல்ல, கடைவீதியில் எல்லோரும் அறிவார்கள். ஒரு குழந்தைக்கு நூறு புள்ளி, புள்ளிக்கு மாதம் 200 ரூபாய் என்று பிடித்தால் 10 கிலோ குழந்தையின் மருந்து நடந்துவிடும். ஒரு முறை 10,000 கொடுப்பவரைவிட ஐந்து ஆண்டு 200 கொடுப்பவர்தான் இதற்கு வேண்டும். வங்கியில் தானாகக் கழியும்படி எழுதிக் கொடுத்துவிட்டால் வீடு வீடாகப் போகிற அலைச்சலும் இல்லை.

வசூலுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலர் அதைக் கடைசியில் செய்கிறார்கள். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வந்தது. அதில் எஸ்.எம்.ஏ. சேர்க்கப்பட்டிருக்கிறது. சிறப்பு மையங்களில் பதிவு செய்தவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று 2022 மே மாதம் உயர்த்தினார்கள். தமிழ்நாட்டில் அந்த மையம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. காரைக்குடியில் விடியற்காலை பல்லவன் ரயிலில் ஏறுபவருக்கு எழும்பூர் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்குக்கூட அதிகம் செலவாகாத தொலைவு. பழைய விலையில் 50 லட்சத்துக்கு எட்டு பாட்டில்தான். இன்றைய விலையில் 314 பாட்டில், பத்து ஆண்டுக்குக் குறையாமல் வரும். பணம் குடும்பத்தின் கைக்கு வராது, மையத்துக்குப் போய் மருந்தாக வரும். பதிவு செய்த மறுநாளே வந்துவிடாது. குழு ஒப்புதல், கொள்முதல் என்று மாதங்கள் ஆகலாம். ஊர்ப் பணத்தின் முதல் வேலை அந்த இடைவெளியில் ஒரு நாள் மருந்துகூட விட்டுப்போகாமல் பார்ப்பது.

இரண்டாவது வேலை, எந்தத் திட்டமும் சரியாகக் கவனிக்காத செலவுகள். சளி உறிஞ்சும் கருவி, இரவில் மூச்சுக்குத் துணை செய்யும் பைபேப், இருமல் உதவிக் கருவி, முதுகு வளையாமல் தாங்கும் பட்டை, வாரம் மூன்று நாள் பிசியோதெரபி, மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர். கருவிகளில் உபயம் என்று பெயர் எழுத இடம் இருப்பதால் அதற்குக் கொடுக்க ஆள் சீக்கிரம் கிடைப்பார்கள், மருந்துப் பாட்டிலில் அந்த வசதி இல்லை. எழுதிக்கொள்ளட்டும், தவறில்லை. ஒரு பிள்ளை வளர்ந்து மாற்றிய கருவி அடுத்த பிள்ளைக்குப் போகும்படி இரவலாக மட்டும் கொடுக்க வேண்டும். நிமோனியாவில் படுத்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாத வீடுகளுக்கு முதலில் அதை வாங்கிக் கொடுங்கள்.

மருந்தைக் கையாள்வது பற்றி. பாட்டிலில் வருவது பொடி. மருந்தாளுநர் 79 மில்லி சுத்திகரித்த நீர் அளந்து ஊற்றிக் கலக்கித் தர வேண்டும். வீட்டில் கேன் தண்ணீரை அண்ணளவாக ஊற்றினால் அளவே மாறிப்போகும். கலந்த தேதியைப் பாட்டிலில் எழுதச் சொல்லுங்கள். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்க வைக்க வேண்டும், ஃப்ரீசரில் கூடாது. வெளியே இருந்தால் 40 டிகிரிக்கு உள்ளாக, எல்லாம் சேர்த்து மொத்தம் 5 நாள்தான் தாங்கும் என்பது மூல மருந்தின் குறிப்பு. சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலையும் மின்வெட்டையும் நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். வெளியே இருந்த மணி நேரத்தைப் பெட்டியின் மேல் ஒரு தாளில் குறித்து வருவது நல்லது. ஊசியில்லாச் சிரிஞ்சில் எடுத்த மருந்தை ஐந்து நிமிடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பாலில் கலக்கக் கூடாது. மறந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், தாண்டிவிட்டால் மறுநாள்தான். கக்கிவிட்டது என்று மறுபடி கொடுக்கவே கூடாது.

இனி கணக்கு. பதாகையில் தகப்பனாரின் ஜிபே எண் இருந்தால் சந்தேகப்படுவதற்கு முன்னால் பரிதாபப்படுங்கள், அவருக்கே அது சிக்கல். உறவல்லாதவர்களிடமிருந்து ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தனிக் கணக்கில் வந்தால் வருமான வரியில் அதுவும் வருமானம். பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகவோ மருத்துவமனைக் கணக்கிலோ போனால் அந்தத் தொல்லை இல்லை. கொடுப்பவருக்கு 80ஜி என்று நாம் பழகிய வருமான வரிச் சலுகையும் அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும், அதிலும் ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கேட்பு அறிவிப்போடு மருத்துவமனையின் மதிப்பீட்டுக் கடிதம் இருக்க வேண்டும், தேதி மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் க்யூஆர் தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கீழே இன்னொரு தாள் இருந்தால் யாரோ மேலே தன்னுடையதை ஒட்டியிருக்கிறார் என்று பொருள். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் அறிவிப்பில் உள்ள பெயர்தானா என்று பார்த்த பிறகே தொகையைத் தட்டுங்கள்.

குன்றக்குடிப் பங்குனி உத்திரத்துக்கோ முத்துமாரியம்மன் பால்குடத்துக்கோ உண்டியல் வைப்பவர்கள் எண் போட்டு முத்திரையிட்டு வைக்கட்டும். திறக்கும்போது குடும்பத்தைச் சேராத இருவர் கையெழுத்து, எந்த நோட்டு எத்தனை என்ற பட்டியல், மறுநாள் வங்கிச் சீட்டு. ஆண்டு முடிந்ததும் ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கு எடுத்துக் கோயில் சுவரிலோ நகர விடுதி வாசலிலோ ஒட்டிவிட வேண்டும். செட்டிநாட்டில் கணக்கு எழுத ஆளா இல்லை!

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம்மவர்கள் பணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கே சம்பாதித்ததை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், கண்டனூரில் பிறந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டார். அவரிடம் வாங்க அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவும் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். சட்டம் சொல்லும் உறவு என்றால் மட்டும் குடும்பமே ஆண்டுக்கு 10 லட்சம் வரை அரசுக்குத் தெரிவிக்காமல் பெறலாம். தெரியாமல் வாங்கிப் பிறகு கணக்கு முடங்கினால் முடங்குவது குழந்தையின் மருந்து.

சங்கடமான ஒன்றையும் முதல் நாளே எழுதிவிட வேண்டும். பணம் மிஞ்சினால், அல்லது பிள்ளை தவறிவிட்டால், மீதி எங்கே போகும்? இதே நோயுள்ள இன்னொரு குழந்தைக்கு என்று அறிவிப்பிலேயே ஒரு வரி இருந்தால் பின்னால் குடும்பத்தின் மீது பழி வராது.

எவ்வளவு திரட்டினாலும் நாள் கடந்தால் பலன் குறைவு. பெயரில் தசை இருந்தாலும் கேடு முதுகுத்தண்டு நரம்பணுக்களில். செத்த நரம்பணு திரும்பாது, மருந்து மிச்சமிருப்பதைத்தான் காக்கும். மூன்றரை மாதத் தடுப்பூசிக்கு வரும்போது கழுத்து நிற்கவில்லையா, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினால் வழுக்கிக்கொண்டு போகிறதா, கால் தவளைபோல் விரிந்து கிடக்கிறதா, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கி வயிறு மட்டும் உப்புகிறதா, நாக்கு ஓயாமல் துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகம் மட்டும் தெளிவாக, ஆளைக் கண்டால் சிரிக்கும். அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். அவன் அப்பனும் லேட்டாகத்தான் நடந்தான் என்று ஆச்சி சொல்வதை நம்பி ஆறு மாதம் போகும். உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டுவது கழுத்து நிற்காத குழந்தைக்கு ஆபத்து. கிராம சுகாதார செவிலியரிடம் காட்டி மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு எழுதி வாங்கிப் போங்கள். சோதனை இரண்டு மூன்று மில்லி ரத்தம்தான். எஸ்.எம்.என்.1 மரபணுவில் இழப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நூற்றில் 95 பேருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

இந்த மரபணுக் குறையைச் சுமப்பவர்கள் நாற்பது ஐம்பது பேருக்கு ஒருவர், அவர்களுக்கு நோய் இராது. தாயும் தகப்பனும் இருவருமே சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் கொண்டு கொடுத்தால் அந்த வாய்ப்பு கூடும், அயலில் கொடுத்தாலும் வராது என்று சொல்வதற்கில்லை. மருமகளைக் குறை சொல்வது மருத்துவப்படியே தவறு. ஒரு பிள்ளைக்கு இருந்தால் அடுத்த கர்ப்பத்தில் 11 வாரம் முதல் நஞ்சுக்கொடித் திசுவில் பார்க்க முடியும், அதற்குப் பெற்றோரின் ரத்த முடிவு முன்பே கையில் இருக்க வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய உதவி கோரும் செய்தியைத் தாங்கள் வெளியிடும்போது மருந்தின் பெயர், இன்றைய விலை, மாதம் எத்தனை பாட்டில், சிறப்பு மையத்தில் பதிவாகிவிட்டதா, பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். குழந்தையின் ஆதார் எண்ணும் வீட்டு முகவரியும் தெரியும் மருத்துவச் சீட்டைப் படமாகப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்களும் கணக்கர்களுமான வாசகர்கள் சிலர்,
காரைக்குடி.