பாலுவுக்கு, டாங்கிள் விஷயமாக

அன்புள்ள பாலு,

வீடு மாறிய அலைச்சலில் உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இப்போது மேடவாக்கம் தாண்டி பெரும்பாக்கம் பக்கம் இருக்கிறோம், தரைத்தளம் என்பதால் அம்மாவுக்குப் படியேறும் கஷ்டம் இல்லை. எங்கள் தெருவுக்கு ஃபைபர் மட்டும் இன்னும் வரவில்லை. போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் நான் வேலைக்குக் கிளம்பும்போது நெட்டும் என்னோடு போய்விடுகிறது, பெரியவள் படிப்பதோ வைஃபை இல்லாத அந்தப் பழைய டெஸ்க்டாப்பில். அதனால் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு யுஎஸ்பி டாங்கிள், அதாவது சிம் போட்டு கம்ப்யூட்டரில் சொருகினால் நெட் தரும் குட்டி மோடம், வாங்கிவந்தேன். நீயும் அப்பாவுக்கு அதையே வாங்கப்போவதாக எழுதியிருந்தாயே, அதான் விவரமாகவே சொல்கிறேன்.

மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய 3ஜி டாங்கிளை வாங்கிவிடாதே. ஜியோவுக்கு 3ஜியே கிடையாது, ஏர்டெல் 2020-லேயே 3ஜியை மூடிவிட்டது. 7.2 எம்பிபிஎஸ் என்று மேலே அச்சிட்டிருந்தாலும் ஏர்டெல் சிம் அதில் 2ஜி வேகத்தில்தான் ஊரும், ஜியோ சிம் வேலையே செய்யாது. எல்லா சிம்மும் எடுக்கிற, அன்லாக் செய்த 4ஜி டாங்கிளாகக் கேட்டு வாங்கு.

சிம்மை முதலில் ஒரு போனில் போட்டு நெட் வருகிறதா என்று பார், சிம் பின் லாக் (சிம்மைத் திறக்கக் கேட்கும் ரகசிய எண்) இருந்தால் அங்கேயே எடுத்துவிடு. அப்புறம் டாங்கிளை சிபியூவின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் சொருகு. ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப்பில் சொருகினால் மின்சாரம் போதாமல் பாதியில் கட்டாகும்.

பலரும் இங்கேதான் டாங்கிள் கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். பல டாங்கிள்கள் சொருகியதும் மோடமாகத் தெரியாது, சிடி டிரைவாகத்தான் தெரியும், ஏனென்றால் டிரைவர் சாஃப்ட்வேர் அதற்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸில் அந்த சிடியைத் திறந்து இன்ஸ்டால் செய்தால், அதுவே டாங்கிளை மோடமாக மாற்றிவிடும். லினக்ஸ் என்றால் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற பேக்கேஜ் அந்த வேலையைச் செய்யும், அது இல்லாமல் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மோடம் வராது. புது மாடல்கள் சில நெட்வொர்க் கார்டு போலவே வந்து நிற்கும். ஹுவாவே ஹைலிங்க் வகை என்றால் பிரவுசரில் 192.168.8.1 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும், உள்ளே போனதும் முதல் வேலையாக பாஸ்வேர்டை மாற்று.

அதற்கும் மேல் நெட் வரவில்லை என்றால் ஏபிஎன்னைப் பார், சிம் கம்பெனியின் நெட்டுக்குள் நுழைய செட்டிங்கில் கொடுக்கும் பெயர் அது. ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், இரண்டையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். பழைய டயல் வகையாக இருந்தால் நம்பர் *99#. சிக்னல் வீக்காக இருந்தால் யுஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்று வாங்கி டாங்கிளை ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வை, ஆனால் 5 மீட்டருக்கு மேல் வேண்டாம். எங்கள் வீட்டில் கான்கிரீட் சுவர் தாண்டி உள் அறைக்கு சிக்னல் வருவதே இல்லை, வயர் போட்ட பிறகுதான் வீடியோ வகுப்பு நிற்காமல் ஓடுகிறது, பெரியவள் முகத்தில் இருந்த கவலையும் போனது.

இன்னொன்று, விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர்டு (அளவோடு டேட்டா செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று மாற்றிவிடு. இல்லாவிட்டால் அப்டேட் ஒன்றே அன்றைய டேட்டா 1.5 ஜிபியையும் தின்றுவிடும்.

மழைக்காலத்தில் கேபிள் அறுந்தாலும் இது கைகொடுக்கும், டவருக்குக் கரண்ட் இருக்கும்வரை. 2023 மிக்ஜாம் புயலில் அதுவும் போய், போன் வைத்திருந்தும் யாரையும் கூப்பிட முடியாமல் தவித்தோமே. அதனால் ஃபைபர் வந்தால் அதையும் போடத்தான் போகிறேன்.

அப்பாவின் கம்ப்யூட்டர் விண்டோஸா லினக்ஸா, அவர் வீட்டில் எந்த சிம்முக்கு நல்ல சிக்னல் வருகிறது என்று எழுதுடா. பார்த்து, எந்த டாங்கிள் வாங்கலாம் என்று சொல்கிறேன். கால்வலி அவருக்கு இப்போது தேவலையா?

அன்புடன்,
சேகர்