டர்பனிலிருந்து: உன் தட்டில் வந்த வெள்ளைப் புள்ளிகள்

டர்பன்,
ஜூலை 12

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மா, அப்பா சுகமா? இங்கே ஜூலை குளிர்காலம், ஆனால் ஒரு ஸ்வெட்டர் போதும். 1860-ல் மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் ஊர் நிறைய இருக்கிறார்கள். ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றித் தரும் 'பன்னி சௌ' இங்கே பேர்போனது. அந்த ரொட்டியை உப்பவைக்கும் ஈஸ்ட்தான் நீ வளர்ப்பதும்.

உன் ஈஸ்ட் தட்டில் சிவப்புக் காலனிகளுக்கு (ஒரே செல் பெருகி உண்டான புள்ளிகளுக்கு) நடுவே சின்னச் சின்ன வெள்ளைக் காலனி வருகிறது என்று எழுதியிருந்தாய். அழுக்கென்று தூக்கிப் போடாதே. உன் ஈஸ்டில் அடினின் என்ற பொருளைத் தயாரிக்கும் ஜீன் கெட்டிருப்பதால் சிவப்பு சேர்கிறது. செல் சுவாசித்தால்தான் அந்த நிறம் ஏறும். சுவாசம் போனவை 'பெட்டைட்'. 1949-ல் பாரிஸில் எஃப்ருஸ்ஸி என்ற விஞ்ஞானி விவரித்தவை இவைதான். சாதாரண வளர்ப்பிலேயே நூற்றுக்கு ஒன்று போல வரும். சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பிழைத்துக்கொள்ளும், எனவே மாவையும் உப்பவைக்கும்!

காரணம், செல் சுவாசிக்கும் இடமான மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ.வில் ஒரு பகுதி தொலைவது. அந்த டி.என்.ஏ. சுமார் 85,000 எழுத்து. ஐந்தில் நான்குக்கு மேல் ஏ, டி. ஜீன்களுக்கு இடைப்பட்ட இடங்களில் ஜி, சி நிறைந்த குட்டித் துண்டுகள் ஒரே எழுத்து வரிசையில் பல இடத்தில் திரும்ப வருகின்றன. புடவையில் ஒரே பூ இரண்டு இடத்தில் இருந்தால், மடிக்கும்போது பூமேல் பூ பொருந்தும். அங்கே வெட்டி ஒட்டினால் நடுத்துணி போய்விடும், பூ ஒன்றுதான் மிஞ்சும். இழை இரண்டும் அறுந்து, முனைகள் அரிக்கப்பட்டால், வெளிப்பட்ட இரண்டு பிரதிகளும் ஒட்டிக்கொள்ளும். நகலெடுக்கும்போது வழுக்கினாலும் இதுவே நடக்கும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால்தான் இழப்பு. எதிர்த்திசை என்றால் நடுப்பகுதி தலைகீழாகும், அவ்வளவே. பெட்டைட்டில் மிஞ்சிய துண்டு அடுக்கடுக்காக நகலாவதால் டி.என்.ஏ. அளவு குறையாது. ஆகவே டி.என்.ஏ. அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. மனிதரின் மைட்டோகாண்ட்ரியாவிலும் 13 எழுத்துப் பிரதிகளுக்கிடையே 4,977 எழுத்து தொலைவதுண்டு.

வெள்ளைக் காலனி பெட்டைட்தானா என்று சோதிக்கும் தட்டுக்கு, ஒரு லிட்டருக்கு ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 10 கிராம், பெப்டோன் 20, அகார் 20, கிளிசரால் 30 மில்லி. குளுக்கோஸ் கூடாது. 30 டிகிரியில் மூன்று நாலு நாள் வை. கிளிசராலைப் புளிக்கவைக்க முடியாது, சுவாசித்தால்தான் பயன்படுத்த முடியும், அதனால் பெட்டைட் வளராது. செல்லைக் கழுவாமல் தடவினால் ஒட்டிவந்த சர்க்கரையில் மங்கலாக வளர்ந்து ஏமாற்றும். கிளிசராலில் வளராதவை எல்லாம் மைட்டோகாண்ட்ரியா பழுது என்றும் சொல்லாதே, நியூக்ளியஸ் ஜீனும் கெட்டிருக்கலாம். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அறவே இல்லாத ஈஸ்டோடு கலந்து பார். கலப்புச் செல் கிளிசராலில் வளர்ந்தால் பழுது நியூக்ளியஸில்.

இப்படி நடுப்பகுதி எவ்வளவு அடிக்கடி தொலைகிறது என்ற விகிதம் வேண்டுமென்றால், சுவாசத்துக்கு வேண்டிய மைட்டோகாண்ட்ரியா ஜீனான காக்ஸ்2-க்குள் அர்ஜினின் தயாரிக்கும் ஜீனைச் செருகி, இருபுறமும் அதே 96 எழுத்தை வைத்த வகை உண்டு. நடுப்பகுதி கழன்றால் காக்ஸ்2 உயிர்த்து கிளிசராலில் வளரும். தனித்தனிக் காலனி பத்துப் பதினைந்து எடுத்து, ஒவ்வொன்றிலும் இப்படிக் கழன்ற செல்களை எண்ணு, இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) கொள். ஒன்றில் ஆரம்பத்திலேயே கழன்றிருந்தால் எண்ணிக்கை எகிறி சராசரியைக் கெடுக்கும்.

இங்கே கரண்ட் வெட்டு வந்தால் இன்குபேட்டர் ஆறிவிடும், காலனி தாமதமாகும். அங்கேயும் அப்படித்தானே? அவசரப்பட்டு எண்ணாதே. வெள்ளைக் காலனிகளில் எத்தனை கிளிசராலில் வளர்ந்தன என்று எழுது.

உன் அண்ணன்