ஞாயிறு மைக்ரோ (நுண்பொருளியல்) படிப்பு: ஸ்லட்ஸ்கி சமன்பாடு

எம்.ஏ. நண்பர்களே, வணக்கம். உள்தேர்வு நெருங்கிவிட்டது. இந்த ஞாயிறு காலை 10 மணிக்கு, திருவல்லிக்கேணியில் போன முறை கூடிய அதே மொட்டை மாடி. பறக்கும் ரயிலில் வருபவர்கள் இறங்கி நடந்தே வந்துவிடலாம்.

1. காப்-டக்ளஸ் பயன்பாட்டுச் சார்புக்கு (நுகர்வோர் பெறும் திருப்தியைக் காட்டும் ஒரு சூத்திரம்) மார்ஷல் தேவை (வருமானத்தை மாற்றாமல் பார்க்கும் தேவை), ஹிக்ஸ் தேவை (திருப்தியை மாற்றாமல் பார்க்கும் தேவை) இரண்டையும் கையால் போட்டுக்கொண்டு வாருங்கள். விடையை மனப்பாடம் செய்து வந்தால் பயனில்லை.

2. அப்புறம் அதை ஸ்லட்ஸ்கி சமன்பாட்டில் வைத்துச் சரிபாருங்கள். அரிசி விலை ஏறினால், மற்றதைவிட அது விலை கூடியதால் எவ்வளவு குறைத்து வாங்குகிறோம், கையில் இருக்கும் பணத்தின் வாங்கும் சக்தி சுருங்கியதால் எவ்வளவு என்று 1915இல் பொருளியலாளர் ஸ்லட்ஸ்கி தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். இது பிடிபட்டால்தான் கிஃபன் பொருளை விலை ஏறும்போது ஏன் அதிகம் வாங்குகிறார்கள் என்பது புரியும்.

3. எல்லாச் சந்தைகளும் ஒரே நேரத்தில் சமநிலையில் இருக்க முடியும் என்ற ஆரோ, டெப்ரூ 1954 நிரூபணம் அடுத்த வாரம். அதற்கு உதவும் ககுடானி நிலைப்புள்ளித் தேற்றத்தை மட்டும் ஒருமுறை படித்து வையுங்கள்.

4. வெள்ளி இரவுக்குள் வருகிறீர்களா என்று இங்கே சொல்லுங்கள், எந்த வரியில் மாட்டிக்கொண்டீர்கள் என்பதையும் படம் எடுத்துப் போடுங்கள், அங்கிருந்தே தொடங்கலாம்.

கணக்கு ஒன்றுகூட வரவில்லை என்றாலும் தயங்காமல் வாருங்கள்.