பற்று நோட்டு மாறுகிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

செங்கோட்டை, புளியரை தொடங்கி மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வரை இருந்து எங்கள் பலசரக்குக் கடைக்கும் செக்குக்கும் வந்துபோகும் எல்லோருக்கும் வணக்கம்.

வருகிற கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து கடையில் கடனுக்குக் கொடுக்கும் சாமானைப் பற்று எழுதும் முறையை மாற்றுகிறோம். வாயால் சொன்னால் ஆளுக்கு ஒரு மாதிரி போய்ச் சேரும் என்பதால் எழுதியே தருகிறோம்.

போன மாதம் ஒரு மதியம், வெகுநாள் வாடிக்கையான ஒரு அக்கா வந்து பழைய பாக்கி 3,400 ரூபாயை மொத்தமாக எண்ணி வைத்தார். “என்னக்கா, சீட்டு விழுந்துச்சா?” என்று கேட்டோம். பதில் சொல்லாமல் காதைத் தொட்டார். கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. “பாக்கியக் குடுத்தாத்தான அடுத்த மாசச் சாமான் கேக்க முடியும், அண்ணாச்சி” என்றார். எங்கள் பருப்புக்கும் எண்ணெய்க்குமாக ஒரு கம்மல் அடகுக்குப் போயிருக்கிறது. அன்று ராத்திரி எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

நோட்டை எடுத்துப் புரட்டினோம். சம்பளம் வந்ததும் முதலில் போவது வண்டி டியூ, குழுக் கடன், பிள்ளைகளின் வேன் காசு, கேஸ் சிலிண்டர். இவற்றுக்கெல்லாம் தேதி உண்டு, தவறினால் ஆள் வருவார்கள். தேதி இல்லாத ஒரே கடன் எங்களுடையது. அதனால் விலைவாசி ஏறும்போதெல்லாம் வீட்டில் விழும் துண்டு முழுவதும் எங்கள் நோட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. யாரும் ஆடம்பரமாக வாழவில்லை. சிட்டைகளைப் பார்த்தாலே தெரியும்: முந்திரி 100 என்று எழுதி, அடித்துவிட்டு, மேலே 50 என்று எழுதியிருக்கும். தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும், தாளிக்கப் பாமாயில்.

தேங்காய் எண்ணெய் விலையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். 2025 ஆடியில் கேரளத்தில் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியிருந்தது. கொப்பரையில் நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்து பங்குதான் எண்ணெய். ஒரு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ கொப்பரை வேண்டும். ஏறக்குறைய பத்துத் தேங்காய். வெயிலும் வெள்ளை ஈயும் வேர்வாடல் நோயும் சேர்ந்து காய்ப்பைக் குறைத்துவிட்டன. இருக்கிற காயிலும் ஒரு பங்கு இளநீராகவே இறங்கிவிடுகிறது. தோப்பு வைத்திருப்பவர்கள் சொந்தக் கொப்பரையைக் கொண்டுவந்து ஆட்டிக்கொண்டு போங்கள். ஆட்டுக்கூலியை நாங்கள் ஏற்றவில்லை, புண்ணாக்கும் உங்களுக்கே.

பாமாயிலும் சூரியகாந்தி எண்ணெயும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கான அடிப்படைச் சுங்க வரியை 2024 செப்டம்பரில் 20 சதவீதம் ஆக்கினார்கள், 2025 மே கடைசியில் 10 ஆகக் குறைத்தார்கள். ஏறும்போது உடனே ஏறும் விலை, இறங்கும்போது மெதுவாகத்தான் இறங்குகிறது. குளியல் சோப்பு, பேஸ்ட், ஷாம்புவுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 ஆனது. அந்த வித்தியாசத்தைப் பழைய சரக்கிலும் குறைத்தே பில் போடுகிறோம். விட்டுப்போயிருந்தால் பில்லோடு வாருங்கள்.

சரி, புதிய முறைக்கு வருகிறோம். இனி மாதப் பற்று கிடையாது, வாரப் பற்றுதான். பீடி சுற்றுகிறவர்களுக்கும் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கும் கூலி வாரம் வாரம் வருகிறது. அதற்கு மாதச் சிட்டை போட்டதே தவறு, அந்தத் தவறு எங்களுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை கணக்கு பார்ப்போம். இரண்டு வாரப் பாக்கி நின்றால் அது தீரும்வரை புதுப்பற்று எழுத மாட்டோம். கைக்காசுக்கு எப்போதும்போல் வாங்கலாம். இதுவரை உள்ள பழைய பாக்கியைத் தனிப் பக்கத்தில் ஏற்றிவிடுவோம். அதை வாரம் இவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள், வட்டி கிடையாது. அந்த அக்காவிடம் 3,400-ஐத் திருப்பிக் கொடுத்து, கம்மலை மீட்டுவிட்டு வாரம் 200 தரச் சொன்னோம். பதினேழு வாரத்தில் முடிந்துவிடும். எங்கள் பாக்கிக்காக யாரும் நகையை வைக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறோம்.

கடைக்காரர் சொல்லக் கூடாத ஒன்றையும் சொல்கிறோம். எங்களிடம் துவரம்பருப்பு வாங்குமுன் ரேஷனில் வாங்கிவிடுங்கள். கார்டுக்கு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்த விலைக்கு எங்களால் கொடுக்கவே முடியாது. ஆரியங்காவு, தென்மலைக்காரர்கள் கேரள அரசின் மாவேலி ஸ்டோரில் மானியச் சாமான் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மிச்சத்துக்கு மலை இறங்குங்கள்.

அரிசிக்கு ஒரு வழி உண்டு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய பைக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது, அதற்கு மேலுள்ள மூடைக்கு அந்த வரி இல்லை, 26 கிலோ மூடை சந்தைக்கு வந்ததே அதனால்தான். இரண்டு வீடு சேர்ந்து ஒரு மூடை எடுத்தால் நாங்களே பங்கு பிரித்து நிறுத்துத் தருகிறோம். அப்புறம் பத்து ரூபாய் பாக்கெட்டுகள். விலை பத்தாகவே நிற்கும், உள்ளே கிராம் குறையும். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் கிராமுக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். டீத்தூளோ மசாலாவோ எடுக்குமுன் அதைப் பாருங்கள், கண் தெரியாவிட்டால் எங்களைக் கேளுங்கள். ஷாம்புவில் மட்டும் பல சமயம் தலைகீழ், பெரிய பாட்டிலைவிடச் சின்னப் பாக்கெட்டே மலிவாக இருக்கும்.

வருகிற இரண்டு ஞாயிறும் காலை 7 மணி முதல் 11 வரை பழைய கணக்குக்காகத் தனியாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். கூட்டத்தில் பாக்கியைப் பேசக் கூச்சமாக இருந்தால் செக்குப் பக்கத்து வாசல் வழியாக வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பலசரக்குக் கடை, செங்கோட்டை