பட்டினி கிடந்தது பாம்பு, தவித்தது நான்

ஆசிரியருக்கு,

குட்டிப் பாம்பு ஒரு வாரம் சாப்பிடாவிட்டால் உயிருள்ள எலியொன்றைப் பெட்டிக்குள் விட்டுவிடுங்கள், அதுதான் அதன் இயல்பு என்று கடந்த இதழின் வளர்ப்புப் பிராணிகள் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீரை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு கோர்ன் பாம்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் நல்ல புள்ளி எடுத்தால் வாங்கித் தருவதாக மகனுக்கு அவன் அப்பா கொடுத்த வாக்கு அது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிகளில் வாழும் இனம், நஞ்சில்லை. ஊர்ச் சாரைப்பாம்புக்குத் தூரத்துச் சொந்தம் என்றால் விளங்கும். வந்தபோது பென்சில் தடிப்பு, 7 கிராம் பாரம்.

முதல் மூன்று வாரம் அது எதையும் தொடவில்லை. இரண்டு பிள்ளைகளைச் சோற்றுக் கோப்பையோடு வீடு முழுக்கத் துரத்தி வளர்த்தவள் நான். பக்கத்து அறையில் ஒரு சீவன் பட்டினி கிடந்தால் நித்திரை வருமா? மாமி வேறு, "நாகதம்பிரானுக்கு வைக்கிற மாதிரிப் பாலும் முட்டையும் வைச்சுப் பார் பிள்ளை" என்றார். பாம்பு குடிப்பது தண்ணீர்தான், பால் அதற்கு உணவில்லை என்று பேரன் சொல்லியும் அவர் நம்பவில்லை.

பிழை எங்களிடம்தான் இருந்தது. பெட்டியை ஜன்னலோரம் வைத்திருந்தோம். உள்ளே 23 பாகை. ஒரு பக்கமாவது 29, 30 பாகை சூடு இல்லாவிட்டால் பாம்புக்குச் செரிக்காது, அதனால் வாயும் திறக்காது. போதாததற்கு மகன் தினமும் அதை வெளியே எடுத்து நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அதன் கண்களும் நீலம் பூத்து மங்கியிருந்தன. சட்டை கழற்றப் போகிற பாம்பு அநேகமாகச் சாப்பிடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

சூட்டு விரிப்பு வாங்கிப் போட்டு, சட்டை கழரும்வரை ஒருவரும் தொடாமல் விட்டோம். அப்புறம், கடையில் 'பிங்கி' என்று உறையவைத்து விற்கிற, மயிர் முளைக்காத எலிக்குஞ்சு ஒன்றை இரவு முழுக்க பிரிட்ஜில் வைத்து இளக்கி, பையோடு சுடுதண்ணீரில் போட்டுச் சூடாக்கினோம். மைக்ரோவேவ் பக்கம் போகவே கூடாது, வெடிக்கும். (ஃபிரீசரில் அந்தப் பெட்டியின் மேல் 'இது கணவாய் அல்ல' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.)

காட்டில் இதன் குஞ்சுகள் பெரும்பாலும் சின்னப் பல்லிகளையும் மரத்தவளைகளையும் பிடித்துத்தான் வளர்கின்றன. எலி பிறகு வருகிற சாப்பாடு. அதனால் சில குஞ்சுகளுக்குப் பிங்கி சாப்பாடாகவே மணக்காது. பல்லி மணத்தை அதன்மேல் தடவிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. காற்றுத் துளையிட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பையும் பிங்கியையும் வைத்து மூடி, அதைப் பெட்டியின் சூட்டுப் பக்கத்தில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தோம். காலையில் பிங்கி இல்லை. கடதாசிக்கு அடியில் ஒளிந்திருக்கிறதா என்று மூன்று தரம் தூக்கிப் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் மகன் அடுத்த முறை இரண்டைக் கொடுத்து, மறுநாளே கையிலும் எடுத்தான். முழுவதையும் கக்கிவிட்டது. பிறகு பத்து நாள் ஒன்றும் கொடுக்காமல் இருந்து, மிகச் சிறிய பிங்கியில் திரும்பத் தொடங்கினோம். பாம்பின் உடம்பில் ஆகத் தடித்த இடம் எவ்வளவோ அவ்வளவு தடிப்பில் ஓர் இரை, குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை. கொடுத்தபின் இரண்டு நாள் கை வைக்கக் கூடாது.

இனி உங்கள் உயிருள்ள எலிக்கு வருகிறேன். பிங்கிக்குப் பல்லில்லை, அது ஒன்றும் செய்யாது, சரி. பல் முளைத்த எலி, பசியில்லாத பாம்போடு ஓர் இரவு அடைபட்டால் பாம்பைக் கடித்துக் குதறிவிடும். காட்டில் இரண்டுக்கும் ஓட இடமிருக்கிறது. இரண்டடிப் பெட்டிக்குள் என்ன இயல்பு? சாப்பிடாத நாட்களை எண்ணாமல் வாரம் ஒருமுறை தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாரம் குறைந்துகொண்டே போனால் ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். அதே பக்கத்தில் இந்தத் திருத்தத்தையும் போட்டால் நல்லது.

எங்களுடையது இப்போது 85 கிராம். வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சம் இல்லை என்று மாமி பிடிவாதமாக இருப்பதால் அதற்குச் சாப்பாடு சனிக்கிழமைகளில்.

ஒரு தாய்,
ஸ்காபரோ, கனடா