குளுசை இல்லாத பார்சல்

அன்புள்ள மகள்,

நாளைக்குத் திருகோணமலை டவுனுக்குப் போய்ப் பார்சலைப் போடுகிறேன். நெத்தலிக் கருவாடு, அம்மா இடித்த மிளகாய்த்தூள், பனங்கட்டி எல்லாம் இருக்கு. தொண்டை நோவுக்கு நீ கேட்ட அமொக்சிசிலின் என்ற அன்ரிபயோட்டிக் குளுசை மட்டும் இல்லை. ரொறன்ரோவில் டொக்டர் தரவில்லை என்று கோபப்பட்டாய். தொண்டை நோவும் தடிமனும் பெரும்பாலும் வைரசால் வருவது. அன்ரிபயோட்டிக் பக்டீரியாவைத்தான் கொல்லும், வைரசை ஒன்றும் செய்யாது. அந்த மனுஷன் சரியாகத்தான் செய்திருக்கிறார். இங்கேயும் சட்டப்படி டொக்டரின் துண்டு வேணும். துண்டு கேட்காத பாமசிகள் இருப்பது வேறு கதை.

போன மாதம் நம் செவலைப் பசுவுக்கு மடிநோய். ஒரு காம்புப் பக்கம் கல்லுப்போல் இறுகி, பால் திரிதிரியாக வந்தது. மிருக வைத்தியர் காம்புக்குள் அன்ரிபயோட்டிக் மருந்து ஏற்றிவிட்டு, தான் சொல்லும் நாள்வரை நாலு காம்புப் பாலையும் கீழே ஊற்றச் சொன்னார். அம்மாவுக்கு வயிறு எரிந்தது. ஊற்றாமல் விற்கிற ஆட்களும் தம்பலகாமத்தில் உண்டு. ஆனால் அந்தப் பால் கலந்தால் தயிர் போடுகிறவன் கண்டுபிடித்துவிடுவான்: எவ்வளவு உறைமோர் விட்டாலும் சட்டியில் பால் பாலாகவே கிடக்கும். பாலைத் தயிராக்குவதும் பக்டீரியாக் கிருமிதானே, மருந்து அதையும் விடாது.

உன் குடலிலும் அதுதான் நடக்கும். நல்ல கிருமி சாகும், மருந்துக்கு அசையாதது மிஞ்சிப் பெருகும், பக்கத்துக் கிருமிக்கும் அந்தக் குணத்தைக் கொடுக்கும். கொலிஸ்ரின் என்று ஒரு மருந்து, வேறெந்த மருந்துக்கும் குணமாகாத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது. சீனாவில் பன்றி கொழுக்க அதைத் தீனியில் கலந்தார்கள். அந்த மருந்துக்கு மசியாத குணத்தைக் கொடுக்கும், கிருமிக்குக் கிருமி தாவும் மரபணு பன்றியிலும் இறைச்சியிலும் ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் இருப்பது 2015இல் வெளியே வந்தது. அப்புறம்தான் தீனியில் கலப்பதைத் தடுத்தார்கள். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாவால் உலகத்தில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் செத்ததாகக் கணக்கு.

"ரெண்டு நாளைக்கு மட்டும் போடுறன் அப்பா" என்கிறாய். அரைகுறையாகப் போட்டால் கிருமி பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945இல், நோபல் பரிசு உரையிலேயே சொல்லிவிட்டார்.

கொத்தமல்லி வைத்திருக்கிறேன், அவித்துக் குடி. காய்ச்சல் விடாமல் அடித்தால், மூச்செடுக்கக் கஷ்டமென்றால் உடனே திரும்ப டொக்டரிடம் போ. அவர் எழுதித் தந்தால் அவர் சொன்னபடி போடு. கருவாட்டை அங்கே சுங்கத்தில் பிடித்து வைத்தால் என்னை ஏசாதே, அது அம்மாவின் வேலை.

அப்பா